கணக்குக் காட்டாதவனின் மருமகன்

வம்சாவளி தேடுவதற்கென்றே சங்கம் வைத்து நடத்துவது மேல்நாட்டார் வழக்கம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1845ஆம் வருஷமே அப்படி ஒரு சங்கம் தோன்றிவிட்டது. சால்ட் லேக் சிட்டியில் 1894இல் ஒன்று, லண்டனில் 1911இல் ஒன்று. சால்ட் லேக் சங்கத்தார் ஹரித்வாரம் வரைக்கும் வந்து, அங்கே பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கும் வம்சப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கத்தியர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டன் பெயரை அமெரிக்காவில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நமக்குச் சங்கம் வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டுத் திண்ணையில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்தால் போதும். "நீ யார் பிள்ளையப்பா?" என்று ஆரம்பித்து, வெற்றிலை தீர்வதற்குள் ஏழு தலைமுறைக்குப் போய்விடுவார்கள். போகிற வழியில் ஒரு திவானும், யானை கட்டித் தீனி போட்ட மிராசுதாரும் கட்டாயம் வருவார்கள். அரசர்களும் இதைத்தான் செய்தார்கள். பல்லவர் செப்பேடுகள் வம்சத்தைப் பிரம்மாவிலிருந்து தொடங்குகின்றன. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர்களைச் சூரியனிடமிருந்து இறக்குகிறது. ஊர்ப் பணத்தைத் தின்ற மூதாதை ஒருவர் எந்த வம்சாவளியிலும் நான் பார்த்த வரையில் தலைகாட்டியதில்லை.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டிச் சத்திரத்தை அடுத்துத் திருப்புட்குழி இருக்கிறது. ராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று ஐதீகம். புள் என்றால் பறவை அல்லவா? பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கக் கிடைக்காத பிள்ளை, தகப்பனுடைய சிநேகிதனான ஒரு கழுகுக்கு மகனாக நின்று அந்தக் கடனைத் தீர்த்தான். இந்த ஊர்த் தாயார் மரகதவல்லி. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்ததும் அது முளை விட்டிருந்தால் வம்சம் விளங்கும் என்று நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்க வேண்டுமென்று கேட்கிற அளவுக்கு மனுஷனுக்குச் சந்ததியின்மேல் ஆசை.

இங்கிருந்து காஞ்சி வழியாகத் தெற்கே போனால் உத்தரமேரூர். சந்ததி வேண்டும் என்று வரம் கேட்கும் ஊர் ஒன்று. சந்ததியை எந்த வாசலோடு நிறுத்தவேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் மற்றொன்று.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்தக் கல்வெட்டுகளைக் குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். முதற் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றொன்று 921. முப்பது குடும்புகள், குடும்பு வாரியாக ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்க வேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலை வந்துவிடக்கூடாது என்கிற ஜாக்கிரதைதான். இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவி முந்நூற்றறுபது நாள். அதற்குள் குற்றம் கண்டால் அப்போதே இறக்கிவிடலாம்.

இதையெல்லாம் புகழ்ந்து எழுதாதவர் இல்லை. என் மனம் நின்றது வேறோர் இடத்தில். 919ஆம் வருஷத்துச் சாசனம், வாரியம் செய்து ஓய்ந்தவர்களுக்கு நெருங்கிய பந்துக்களாக இருப்பவர்கள் கூடாது என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொண்டது. இரண்டே வருஷம். 921இல் அந்தப் பொதுச் சொல் போதாமற் போய்விட்டது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவனுக்கு இடமில்லை. அவன் சிற்றன்னை பெரியன்னை மக்களுக்கு இடமில்லை. அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், அவனோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மகளைக் கட்டிய மருமகன், தகப்பன், மகன் ஒருவருக்கும் இடமில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்திருக்கும்? கதை எழுதுகிறவனுக்கு ஊகிக்க உரிமை உண்டு. "பந்துதான், ஆனால் நெருங்கிய பந்து இல்லை" என்று யாரோ வாதாடியிருக்கிறார்கள். "அவர் என் மாமனார், அதற்கு நான் என்ன செய்வேன்?" என்று இன்னொருவர் நியாயம் கேட்டிருக்கிறார். சபையார் சலித்துப்போய் உறவு உறவாக எழுதிப்போட்டுவிட்டார்கள். இங்கிலீஷில் இதை எழுத முடியுமா? 'அங்கிள்', 'கஸின்' என்ற இரண்டு வார்த்தையில் பாதிச் சாசனம் கரைந்து போயிருக்கும். தப்பிக்கிறவனுக்கும் வழி கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். நம் வம்சாவளிகள் ஆண் வழியே இறங்குகிறவை. பெண்கள் பெயரின்றிப் போவார்கள். இந்தக் கல்லிலும் பெண்ணுக்கு ஓலை கிடையாது. காணியும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ள அந்தணர் சபை அது. மற்றவர்களுக்கும் அங்கே இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவது சரியல்ல. ஆனால் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். தாய், தாயின் சகோதரி, அத்தை, மனைவி, சகோதரி, மகள் என்று பாதிக்கு மேற்பட்ட உறவுகள் பெண் வழியாகத்தான் போகின்றன. திண்ணைக் கிழவர்கள் மறந்துவிட்ட வழி அது. ஊர்ப் பணம் எந்த வாசல் வழியாக மைத்துனன் வீட்டுக்கும் மருமகன் வீட்டுக்கும் போகும் என்பது சபையாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

குடத்தில் ஓலை விழுமுன் முப்பது குடும்பிலும் யாராவது உட்கார்ந்து இந்த உறவுகளையெல்லாம் கணக்கிட்டிருக்க வேண்டும். யார் மகளை யார் கட்டினார், போன வாரியத்துத் தோட்டக் கணக்கு யாரிடம் நின்றது என்று வருஷந்தோறும் ஒரு விசாரணை. பாஸ்டன் சங்கத்துக்கு 900 வருஷத்துக்கு மேல் முந்திய இந்த வம்சாவளி விசாரணையில் மிராசுதாரையும் திவானையும் யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

கணக்குக் காட்டாத அந்தப் புண்ணியவான் யாரென்று சாசனம் சொல்லவில்லை. எழுதிய மத்தியஸ்தன் மட்டும் தன் பெயரை வைத்திருக்கிறான்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன்.