சுழலும் துகள் வளையம் நிலைத்து நிற்குமா?

காந்தப்புலத்தில் வட்டமிடும் துகள்கள், தம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவைச் சிறைப்படுத்தும் கூட்டைத் தாமே எழுப்பிக்கொள்ள முடியும் என்று 1950-களில் துணிந்து சொன்னவர் நிகோலஸ் கிறிஸ்டோஃபிலோஸ். ஏதென்ஸில் மின்தூக்கிப் பொறியாளராக இருந்தவர் அவர். உருளை வடிவக் கலத்துக்குள் ஒளிவேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்களைச் செலுத்தி ஓர் அடுக்காகச் சுழல விட்டால், அவற்றின் மின்னோட்டம் உட்புறக் காந்தப்புலத்தைக் குறைத்துக்கொண்டே வந்து இறுதியில் திசைமாற்றிவிடும். அப்போது புலக்கோடுகள் மூடிய வளையங்களாகும். அணுக்கரு இணைவுக்கான பிளாஸ்மா அவற்றுக்குள் அடங்கும். இதற்காகவே கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்ட்ரான் பொறி எழுந்தது. புலம் திசைமாறும் கட்டத்தை அது எட்டவே இல்லை. 1972-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு திட்டமும் முடிந்தது.

இத்தகைய அடுக்குகளை ஆட்டிவைக்கும் நிலையின்மைகளுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. ஓரிடத்தில் சிறிது நெரிசல் ஏற்பட்டாலும் அது தானாகக் கலைந்துவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடப்பது நேர்மாறு. நெரிசலுக்கு முன்னால் இருக்கும் எலெக்ட்ரான் மேலும் முன்னே தள்ளப்பட்டு ஆற்றல் பெறுகிறது. ஒளிவேகத்தை ஒட்டியிருப்பதால் அதன் வேகம் அதிகம் கூடுவதில்லை, சுற்றுப்பாதைதான் விரிகிறது. ஓடுதடத்தில் வெளிவட்டத்துக்குப் போன வீரரைப் போல அது பின்தங்கி, நெரிசலிலேயே வந்து சேர்கிறது. பின்னால் இருப்பதோ ஆற்றல் இழந்து உள்வட்டத்துக்கு வந்து, விரைந்து சுற்றி, அதுவும் அங்கேயே சேர்கிறது. விலக்குவிசையே திரளைப் பெருக்குகிறது! எல்லாத் துகள்களும் ஒரே ஆற்றலோடு இருக்கும் அடுக்குதான் இதற்கு எளிதில் இரையாகும். ஆற்றல்களில் போதிய பரவல் இருந்தால் திரள் உருவாகும் முன்பே கலைந்துவிடும்.

எலெக்ட்ரான்களுக்கு இன்னொரு குறை: வளைந்து செல்கையில் ஆற்றலைக் கதிர்வீச்சாக இழக்கும். புரோட்டான் ஏறத்தாழ 1836 மடங்கு கனமானது. இந்த இழப்பு அதற்கு இல்லையென்றே சொல்லலாம். இங்கேதான் ரவீந்திர சூடன் வருகிறார். காஷ்மீரத்தில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அங்கே ஹான்ஸ் ஃபிளைஷ்மன் குழு எலெக்ட்ரான் வளையத்தால் புலத்தைத் திசைமாற்றிக் காட்டியிருந்தது. சூடன் எலெக்ட்ரான்களுக்குப் பதில் புரோட்டான் போன்ற அயனிகளாலான வளையங்களை முன்வைத்தார். 1976-இல் மார்ஷல் ரோசன்புளூத்துடன் சேர்ந்து அவற்றின் நிலைப்பை ஆராய்ந்து எழுதினார். 1989-இல் அவருக்குப் பிளாஸ்மா இயற்பியலுக்கான மேக்ஸ்வெல் பரிசு கிடைத்தது. பிளாஸ்மாவை வெறும் பாய்மமாகக் கருதும் கணக்கு, இத்தகைய வளையம் கவிழ்ந்துவிடும் என்கிறது. ஆனால் பெரும் வட்டமிடும் துகள் சிறு நெளிவுகளைச் சராசரியாக்கிக் கடந்துவிடுகிறது. பெரிய பாதை நிலைப்புக்குத் துணை செய்கிறது என்ற இந்தத் தெளிவை நான் பெரிதாக மதிக்கிறேன். கலிபோர்னியாவில் இன்றைய இணைவுப் பொறிகளிலும் அது பயன்படுகிறது.

நம் நாட்டிலும் இணைவு ஆராய்ச்சிக்கு இடம் உண்டு: அகமதாபாத்தை அடுத்த பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989 முதல் ஆதித்யா என்னும் இணைவு ஆய்வுப் பொறி இயங்கியது. அங்கே செல்லத்தக்க மாணவர்கள் சென்னையை ஒட்டிய தாம்பரத்திலும் வண்டலூரிலும் இருக்கிறார்கள். இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் 1951-இல் ஹானர்ஸ் முடித்தது நம் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில்தான். மேலே சொன்ன திரள் கணக்கின் அடிப்படைக்கு இளங்கலைக் கணிதமே போதும். ஆசிரியப் பெருமக்கள் அதை ஒரு வகுப்பிலாவது கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டுகிறேன்.