இல்போர்டில் வீணான இரண்டு உதைகள்

பூட்ஸ் இன்றிப் பந்துதைத்துப் பழகிய வீரர்களே பெரும்பாலோராக அமைந்த சுதந்திர இந்தியாவின் கால்பந்துக் குழு, 1948 ஜூலை 31-ஆம் நாள், இலண்டனையடுத்த இல்போர்டில், ஒலிம்பிக் ஆட்டத்தில் பிரான்ஸை எதிர்த்து நின்றது.

சாரங்கபாணி ராமன் 70-ஆம் நிமிஷத்தில் அடித்த கோலால் சமநிலை எய்தியும், இறுதியில் 1–2 என்று தோற்றதற்குப் பிரதான காரணம், பந்தை நிறுத்திவைத்து உதைக்கும் விசேஷ சந்தர்ப்பங்களில் நேர்ந்த நஷ்டமே என்பது என் அபிப்பிராயம். கிடைத்த இரண்டு பெனால்டிகளும், சைலன் மன்னா உதைத்தது ஒன்றும் மகாபீர் பிரசாத் உதைத்தது ஒன்றுமாக, வீணாயின.

ஆயினும் வெறுங்காலைப் பழிப்பது நியாயமன்று. நின்ற பந்தை உதைப்பதில் நம் தேசத்தில் பெருங்கீர்த்தி பெற்றவர் அந்த மன்னாவே அல்லவா! 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்ற பின்னரே, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கிற்று.