குரங்கணிப் பாதை: காவல் இல்லாத அழகு

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைப்பாதையை 2018 வரை நகரத்து மலையேற்றக்காரர்கள் இயற்கை தந்த காட்சியாகவே கொண்டாடினார்கள். அடிப்படையில் அது தேயிலை வணிகத்தின் தடம். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் இரண்டடி அகல ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் சரிந்து கொட்டகுடிக்கு வந்தன. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குப் போயின. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் அதைப் போடவில்லை. காலப்போக்கில் சரக்கு சாலைக்கு மாறியது. மலையில் மிஞ்சியவை நடைபாதையும், நடுவழியில் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே வழங்கும் குடியிருப்பும்தான்.

சரக்கு போகும் பாதைக்குக் காவல் தானாக அமைந்துவிடும். பெட்டி வரவில்லை என்றால் கீழே இருப்பவர் கேட்பார். வடத்தில் கோளாறு என்றால் அன்றே ஆள் ஏறியாக வேண்டும். சுற்றுலா வந்தபோது பாதை கைமாறியது, அந்தக் காவல் கைமாறவில்லை. எந்த மாதம் புல் காயும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்த, மலைக்கிராமமான முதுவாக்குடியின் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் மலையிலேயே இருந்தார்கள். அவர்களுடைய அறிவை முன்னிறுத்தும் ஏற்பாடுதான் இல்லை. 2018 மார்ச் 11 அன்று அருகிலுள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக்காரர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டார்கள். காயம்பட்டவர்களைத் தேடி முதலில் ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். அதோடு பழைய மலையேற்றக் காலம் முடிந்தது.

அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்கு மட்டுமே இருந்தது, கொழுக்குமலைக்குச் சென்றது விதிமீறல், ஆகவே தவறு சென்றவர்களுடையதே என்று வாதிடுவோர் உண்டு. விதி மீறப்பட்டது உண்மைதான். ஆனால் அடிவாரத்தில் சீட்டுக் கொடுத்துவிட்டு, ஏறியவர் எந்தப் பிரிவில் திரும்பினார் என்று அறியாத முறையைக் காவல் என்று சொல்ல முடியாது. மலையையே மூடிவிடலாமே என்பது இன்னொரு வாதம். பூட்டிய மலையிலும் தீப்பிடிக்கும். அதைக் கண்டு சொல்லும் கண்கள்தான் குறையும். சுற்றுலாவால் பிழைக்கக்கூடிய மலைவாழ் குடும்பங்களுக்கு அப்படி மூடுவது இரண்டாவது தண்டனையாகவும் ஆகும்.

2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. முன்பதிவு கட்டாயம்; உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள். சரியான திசை இதுதான். ஆனால் அந்த வழிகாட்டி ‘இன்று போகக் கூடாது’ என்று சொன்னால், பணம் கட்டியவரும் அதிகாரியும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அந்த அதிகாரத்தை அவருக்குத் தராத வரை, பறிபோன 23 உயிர்களிடமிருந்து நாம் பாடம் கற்றோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.