கண்டியில் நற்கருணை

ஒரே அப்பத்திற் பங்குகொள்வோர் கிறித்துவோடும் தம்முள்ளும் ஒன்றாகின்றனர் என்பதே நற்கருணையின் பொருள். இடுக்கண் வேளையில் ஞானஸ்நானத்தைப் பொதுநிலையினரும் அளிக்கலாம். நற்கருணைப் பலியையோ குருவானவரே நிறைவேற்றல் வேண்டும். ஆகவே, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தமை, அச்சமயத்தின் உயிர்நிலையையே தாக்கிற்று. செபங்களைப் பேணமுடிந்த மக்களால் நற்கருணையைப் பேணமுடியவில்லை. தடைவிதித்தோரும் தம் ஆலயங்களில் இராப்போசனம் கொண்டாடியவரே என்பது ஈண்டு நினையத்தக்கது.

கண்டி இராச்சியத்துக் கத்தோலிக்கரும் குருவின்றியே வாழ்ந்தனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். சிறையிலேயே பீடம் அமைத்துப் பூசை நிறைவேற்றினார். மக்கள் அங்கு வந்து நற்கருணை பெற்றனர்.

பின்னர் அவருக்குச் சமயப்பணியாற்றும் உரிமை வழங்கிய இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்த மன்னன். பிக்குமார் பரம்பரை நலிவுற்று உபசம்பதைச் சடங்கு நின்றுபோக, 1697இல் அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்து அதனை மீட்டவனும் அவனே. சடங்கை நிறைவேற்றுவோர் இல்லாதவிடத்து ஒரு சமயம் எய்தும் இடர்ப்பாட்டை அவன் நன்கறிந்திருத்தல் வேண்டும். அவனது ஆதரவுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு.

1711 சனவரி 16இல் அடிகளார் கண்டியிலேயே மறைந்தார். அதற்கு முன்பே கோவாவிலிருந்து வந்துசேர்ந்திருந்த குருமார் பூசையைத் தொடர்ந்தனர்.