கதவுக்கு வெளியே ஒரு மாணவன்

வகுப்பறைக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே மத போதனை. வெளியே, தாழ்வாரத்தில், தன்னந்தனியே ஒரு மாணவன். குற்றம் இழைத்தானா? இல்லை. பாடம் படிக்காதவனா? அதுவுமில்லை. அவனுடைய பெற்றோர் அந்த மதத்தை ஏற்காதவர்கள்; எனவே, சட்டப்படி விலகி நிற்கிறான்! இங்கிலாந்து நாட்டுக் கல்வி வரலாற்றை ஒரே ஓவியமாகத் தீட்டச் சொன்னால், இக்காட்சியைத்தான் தீட்டவேண்டும்.

அங்கு ஏழைப் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலம் மத அமைப்புகளின் கையில் இருந்தது. 1811ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையினர் 'தேசியச் சங்கம்' நிறுவிப் பள்ளிகள் பல கட்டினர். எழுத்தறிவித்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால் எழுத்தோடு ஞானோபதேசமும் சேர்ந்தே வந்தது.

1870ஆம் ஆண்டில் ஃபார்ஸ்டரின் கல்விச் சட்டம், வரிப்பணத்தில் பள்ளிகள் அமைக்க வழி செய்தது. உடனே பிறந்தது வினா: வரி எல்லோருடையது, வகுப்பில் ஒலிக்கும் மதம் எவருடையது? சட்டம் இரு சமாதானங்கள் கூறிற்று. வரிப்பணப் பள்ளிகளில் தனியொரு பிரிவுக்கே உரிய ஞானோபதேசம் கூடாது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை மத போதனையிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். தாழ்வாரத்துக் கதவு திறந்தது அன்றுதான்!

1902ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளுக்கும் உள்ளூர் வரிப்பணத்தை வழங்கியது. கொதித்தெழுந்தவர்கள் யார் தெரியுமா? நாத்திகர்கள் அல்லர்; திருச்சபையைச் சேராத கிறித்தவர்கள்! ஜான் கிளிஃபோர்ட் என்னும் பாதிரியார் தலைமையில் வரிகொடா இயக்கம் நடத்தினர். உடைமைகள் ஏலம் போயின. பலர் சிறை புகுந்தனர். பிறர் மதத்துக்கு என் பணமா என்று கேட்கப் பகுத்தறிவாளனாக இருக்க வேண்டியதில்லை, தன்மானம் போதும்!

1944ஆம் ஆண்டில் பட்லரின் சட்டம், உயர்நிலைக் கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கிற்று. பாராட்டுவோம். ஆனால் அதே சட்டம் நாள்தோறும் கூட்டு வழிபாட்டையும் மத போதனையையும் கட்டாயமாக்கிற்று. கணிதம்? சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அறிவியல்? அதையுமில்லை. சட்டம் பெயர் சுட்டிக் கட்டாயமாக்கிய ஒரே பாடம், மதம்!

"மதமின்றி ஒழுக்கமேது?" என்றனர், அதை ஆதரித்தோர். 1955 சனவரியில், அபர்டீன் பல்கலைக் கழக உளநூல் ஆசிரியை மார்கரெட் நைட், பி.பி.சி. வானொலியில் விடையளித்தார். அவர் கருத்து இதுதான்: ஒழுக்கத்தை மதத்தோடு பிணைத்துக் கற்பித்தால், வளர்ந்தபின் மதநம்பிக்கையை உதறுபவன் ஒழுக்கத்தையும் சேர்த்தே உதறிவிடக்கூடும், எனவே அறத்தை அறமாகவே கற்பியுங்கள். ஏடுகள் சில சீறின, வசைமாரி பொழிந்தன. வாதத்தை வீழ்த்த வசையால் முடியுமா?

முடியவில்லை என்பதைக் காலம் காட்டிற்று. 1975ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரப் பாடத்திட்டம், பிற சமயங்களோடு மனிதநேயக் கொள்கையையும் பொதுவுடைமையையும் வகுப்பறைக்குள் அழைத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மத போதனை' என்ற பெயர் 'சமயக் கல்வி'யாயிற்று. பெர்னார்டு கிரிக் தலைமையிலான குழு 1998ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2002 முதல் 11 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்டோர்க்குக் குடிமைக் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. வாக்கு, சட்டம், உரிமை, கடமை ஆகியவற்றைக் கற்க வேதநூல் தேவைப்படவில்லை!

ஆயினும் ஒன்று கவனியுங்கள், தோழர்களே! 1870இல் திறந்த கதவின் சாவி பெற்றோரிடம் இருந்தது, மாணவனிடம் இல்லை. பள்ளியின் இறுதி வகுப்புகளில் பயிலும், 16 வயது கடந்த மாணவர், வழிபாட்டிலிருந்து தாமே விலகிக்கொள்ளும் உரிமையைத் தந்தது 2006ஆம் ஆண்டுச் சட்டம். இடையில் 136 ஆண்டுகள்! அதுவும் வழிபாட்டுக்கு மட்டும். அதுவும் மூத்தவர்க்கு மட்டும். இளையோனின் மனச்சான்று இன்னும் பெற்றோர் சட்டைப்பையில்தான்!

வகுப்பறையில் நாள்தோறும் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சமயங்களைப் பற்றி மாணவன் அறியட்டும். அவை வளர்த்த கலையையும் அறியட்டும், மூட்டிய போரையும் அறியட்டும். அறிவது வேறு, அடிபணிவது வேறு. 'விருப்பமில்லையேல் வெளியே நில்' என்பது சலுகை. 'உள்ளே அமர்ந்து, ஏன் என்று கேள்' என்பதே உரிமை.

தாழ்வாரத்தில் நிற்கும் மாணவனை உள்ளே அழைப்போம், அவன் கேள்வியோடு!