பாஸ்பேட் நீக்கம் (பவளத் தொட்டி)

பவள உயிரிகள் வளரும் உப்புநீர்த் தொட்டியில் மிகும் பாஸ்பேட்டை அகற்றும் பராமரிப்பு முறை. இயற்கைப் பவளத்திட்டுகளின் மேற்பரப்பு நீரில் இதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கும் குறைவு. தொட்டியிலோ மீன் தீவனம் வழியே நாள்தோறும் சேர்கிறது. மிகுந்தால் பாசி படரும். பவளத்தின் சுண்ணக்கூடு வளர்வது தடைப்படும்.

நீர் மாற்றியும் அளவு இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் பாறையும் அரகோனைட் மணலுமே. இவை பாஸ்பேட்டைப் பரப்பில் பிடித்துவைத்து, நீரில் செறிவு தாழ்ந்ததும் திரும்ப வெளிவிடுகின்றன. ஆகவே, ஒருமுறை நீக்கிப் பயனில்லை. வாரக்கணக்கில் தொடர வேண்டும். இரும்பு ஆக்சைடு குருணை பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். லாந்தனம் குளோரைடு அதை வெண்ணிற வீழ்படிவாக்கும். இவ்வீழ்படிவை நுண்வடிகட்டியில் பிடிப்பது கட்டாயம். கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து அறுவடை செய்வது மெதுவான, பாதுகாப்பான வழி. அளவைத் திடீரென இறக்கினால் பவளத் திசு சிதையக்கூடும்.