கொள்ளேகாலும் கருணைக்கொலையும் – சில குறிப்புகள்

சொந்த ஊர் கொள்ளேகால் என்று சொன்னதும் தமிழர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். "அய்யோ, மந்திரம் மாயம் எல்லாம் தெரியுமா?" டொராண்டோ வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் கேள்வி விடவில்லை. "எங்க ஊரில் பட்டு நெசவும் உண்டுங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

போன மாதம் ஸ்கார்பரோவில் நண்பர் வீட்டு விருந்து. பேச்சு கனடாவின் "மருத்துவ உதவியுடன் மரணம்" சட்டத்துக்குப் போனது. நர்சிங் படிக்கும் நண்பரின் மகள் கேட்டாள்: "மாமா, கேன்சர் வந்தவங்க கேட்டா குடுக்கறாங்க. இருபது வருஷமா மனநோயில கஷ்டப்படறவங்க கேட்டா மட்டும் ஏன் கூடாது? அவங்க வலி வலி இல்லையா?" சாப்பாட்டு மேஜையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே, "அந்தக் காலத்துல இவர் ஊருக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க" என்று என்னைக் காட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்க் கதை. கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூர் பக்கம் போனது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். எல்லைக்கோடு மாறினாலும் ஜனங்களின் நடமாட்டம் மாறவில்லை. என் சிறு வயதில் ஈரோடு, சேலம், கோவை பக்கத்திலிருந்து சத்தியமங்கலம், திம்பம் மலை வழியாகக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நடுவில் ஒருவர், தலை கலைந்து, பார்வை எங்கேயோ நிலைத்திருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடித்திருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் "செய்வினை எடுக்கிறவர் வீடு எங்கே?" என்று கேட்பார்கள். வழி சொல்லிவிட்டு நாங்கள் கோலி விளையாடப் போய்விடுவோம்.

பிறகு எங்கள் வீட்டுக்கே அது வந்தது. 1978ல் சித்தப்பாவுக்கு இருபத்து நாலு வயது. ராத்திரி முழுக்க யாரோ பேசுவது கேட்கிறது என்றார். வேலைக்குப் போவது நின்றது. நாங்கள் உள்ளூர்க்காரர்கள், பஸ் ஏறவும் தேவை இல்லை. நாலு தெரு தள்ளித்தான் வைத்தியம். எலுமிச்சை, வேப்பிலை, கடைசியில் பிரம்படி. எட்டு மாதம், பாட்டியின் நகை பாதி போனது. சித்தப்பா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார்: "என்னைச் சாக விட்டுடுங்க." தாத்தா நல்ல மனிதர். அவரே ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, "மாதேஸ்வரா, இவனை நீயே எடுத்துக்கப்பா" என்று அழுததைப் பார்த்தேன். யாருக்கும் கொலை எண்ணம் கிடையாது. களைப்புதான். பார்த்துக்கொள்கிறவனின் களைப்பு கருணை மாதிரியே பேசும் என்பதை அன்று கண்டேன்.

நிற்க. இந்தக் களைப்பை ஓர் அரசாங்கமே கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1939ல் ஹிட்லரின் ஜெர்மனி, குணமாக மாட்டார்கள் என்று டாக்டர்கள் முடிவு செய்பவர்களுக்குக் "கருணை மரணம்" கொடுக்க அனுமதித்தது. ஹடமார், ஹார்ட்ஹைம் உள்ளிட்ட ஆறு இடங்களில் சுமார் 70,000 பேர், பெரும்பாலும் மனநோயாளிகளும் மூளை வளர்ச்சி குன்றியவர்களும், விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். 1941 ஆகஸ்டில் பிஷப் கேலன் தேவாலயத்திலேயே இதைக் கண்டித்துப் பேசினார். அந்த மாதமே வாயுக்கூடத் திட்டம் நிறுத்தப்பட்டது, ஆனால் ஆஸ்பத்திரிகளுக்குள் ரகசியமாகக் கொல்வது தொடர்ந்தது. இன்றைய கனடாவையோ ஹாலந்தையோ இதோடு ஒப்பிடுவது அநியாயம். அங்கே நோயாளி கேட்கிறார், இங்கே யாரும் கேட்கவே இல்லை. ஆனால் ஒரு பாடம் மட்டும் நிற்கிறது. இன்னொருவருக்காக நாம் முடிவெடுக்கும்போது "கருணை" என்ற சொல்லை நம்பக்கூடாது.

சரி, நோயாளியே கேட்டால்? இந்தக் கேள்வியை ஒரு நீதிமன்றம் நேராக எதிர்கொண்டது 1994ல், ஹாலந்தில். ஷபோ என்ற மனநல மருத்துவர், இரண்டு மகன்களையும் இழந்த ஐம்பது வயதுப் பெண் சாக 1991ல் உதவினார். அந்தப் பெண்ணுக்கு உடம்பில் நோய் இல்லை. துன்பம் உடம்பிலிருந்து வருகிறதா மனத்திலிருந்து வருகிறதா என்பது முக்கியமில்லை, அது எவ்வளவு தாங்க முடியாதது என்பதே முக்கியம் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். ஆனால் வேறொரு மருத்துவர் அவரை நேரில் பரிசோதிக்கவில்லை என்பதால் ஷபோ குற்றவாளி என்றும் சொன்னது. தண்டனை மட்டும் தரவில்லை. நண்பரின் மகள் கேட்டதும் இந்த நியாயத்தைத்தான். அதை லேசாக ஒதுக்க முடியாது. மனத்தின் வலி வலி இல்லை என்று சொல்பவர்கள் ஒரு ராத்திரி என் சித்தப்பாவோடு இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்த விவாதம் ஒரு மனநோயாளியிடமிருந்துதான் கிளம்பியது என்பது பலருக்குத் தெரியாது. மாருதி ஸ்ரீபதி துபால் பம்பாய் போலீஸ் கான்ஸ்டபிள். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, பிறகு மனநோய் வந்தது. 1985ல் கடை வைக்க அனுமதி கேட்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போனார். காரியம் நடக்கவில்லை. அங்கேயே தீக்குளிக்க முயன்றார், தடுத்துவிட்டார்கள். தற்கொலைக்கு முயன்றதாக 309வது பிரிவில் வழக்கு. 1986ல் பம்பாய் உயர் நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் சாகும் உரிமையும் அடங்கும் என்று சொல்லி அந்தப் பிரிவையே ரத்து செய்தது. 1994ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அதை ஏற்க, 1996ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சாகும் உரிமை கிடையாது என்று மாற்றியது.

சட்டக்காரர்கள் இந்த வழக்கில் "சாகும் உரிமை" என்ற வார்த்தையைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது அந்தக் கடை. அந்த மனிதர் மாநகராட்சிக்குப் போனது சாவைக் கேட்டு அல்ல, பிழைப்பைக் கேட்டு.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். 1979ல் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லி, மளவள்ளி, கனகபுரா வழியாகப் பஸ் பிடித்து பெங்களூர் நிம்ஹான்ஸுக்குப் போனார்கள். அங்கே டாக்டர் அப்பாவையும் தாத்தாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். சித்தப்பாவிடம் தனியாக, கன்னடத்தில், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாராம். ஒன்றரை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. சித்தப்பா சொன்ன பதில்: "நித்தெ." தூக்கம். மாதக்கணக்காக அந்தக் குரல்கள் அவரைத் தூங்க விடவில்லை. "சாக விடுங்க" என்று எங்களிடம் சொன்னதன் அர்த்தம் அதுதான். தூங்க விடுங்க.

மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும் ஆரம்பித்தார்கள். முழுக்கக் குணமாகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு தடவை திரும்ப வந்தது. கல்யாணம் இல்லை. ஆனால் பட்டுக் கடையில் கணக்கு எழுதினார், எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தார், 2004ல் மாரடைப்பில் போனார். இருபத்தைந்து வருடம். அவர் கேட்டதை 1978ல் யாராவது அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இருபத்தைந்து வருடம் இல்லை.

எல்லோர் கதையும் இப்படி முடிவதில்லை. எந்த மருந்துக்கும் கேட்காத நோய் உண்டு. இருபது வருடம் எல்லாவற்றையும் முயன்றுவிட்டு, நிதானமாகக் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் என்று என்னிடம் இல்லை. "அது பாவம்" என்று வாயை அடைப்பது பதில் ஆகாது.

ஆனால் எதை முதலில் கேட்பது என்ற வரிசை முக்கியம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களும் எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்கியவர்கள் மாதிரிதான், குடும்பம் களைத்துப்போய் விட்டுவிட்டு வந்தவர்கள். 2017ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயல்பவரைக் கடும் மன உளைச்சலில் இருப்பவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டுமே. மனநோய்க்கு அது பொருந்தாது.

கனடா 2016ல் சட்டம் கொண்டுவந்தது, 2021ல் விரித்தது. மனநோய் மட்டுமே காரணமாக உள்ளவர்களைச் சேர்ப்பதை இரண்டு முறை ஒத்திவைத்து, 2024ல் 2027 மார்ச் 17 வரை தள்ளியது. வீடும் வருமானமும் சிகிச்சையும் கிடைக்காதவனுக்குச் சாவு மட்டும் சுலபமாகக் கிடைக்கலாமா என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் இங்கே கேட்கின்றன. எனக்கு உடனே அந்தக் கான்ஸ்டபிளின் கடைதான் ஞாபகம் வருகிறது.

அதனால் அந்தப் பெண்ணுக்கு என் பதில் இவ்வளவுதான். "அவங்க வலி நிஜம்மா. அதனாலதான் அவசரப்படக்கூடாது. நாளைக்கு நீ நர்ஸாகி, யாராவது 'சாக விடுங்க'ன்னு உன்கிட்ட சொன்னா, குடும்பத்தை வெளியே உட்கார வெச்சுட்டு, என்ன வேணும்னு தனியா கேளு. அவங்க பாஷையிலயே கேளு."

நம் வீடுகளிலும் இதை மறைக்காமல் பேசுங்கள். யாராவது அப்படிச் சொன்னால் கனடாவிலும் அமெரிக்காவிலும் 988, இந்தியாவில் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். சித்தப்பா காலத்தில் இந்த எண்கள் இல்லை. நாலு தெரு தள்ளி எலுமிச்சை மட்டும்தான் இருந்தது.